கட்டைக் குரல் இருந்தால் மட்டும் போதாது

டிரெய்லருக்குக் குரல் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் மைக்கைப் பார்த்ததும் செய்கிற முதல் காரியம், குரலை அடித்தொண்டைக்கு இறக்குவது. ‘இன் எ வேர்ல்ட்’ (‘ஓர் உலகத்தில்’) என்று கரகரவென்று இழுத்துச் சொல்லிவிட்டு, ஹாலிவுட் டிரெய்லர்களின் புகழ்பெற்ற குரலான டான் லாஃபோன்டைன் மாதிரி இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்காது. குரலின் கனம் அவருக்குத் தானாக வாய்த்தது. அந்தக் கனத்தை எங்கே இறக்கி வைக்க வேண்டும் என்பதை அவர் எடிட்டிங் மேசையில் கற்றுக்கொண்டார். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அவருடைய தொழில் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தாலே இது விளங்கும். 1940-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்தில் பிறந்தவர். 13 வயதில் குரல் உடைந்தது. ராணுவத்தில் சேர்ந்தபோது கிடைத்தது இசைக்குழுவுக்கு ஒலிப்பதிவு செய்கிற வேலை. வெளியே வந்ததும் நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர், எடிட்டர். ஃபிளாய்ட் பீட்டர்சன் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து சினிமாவுக்கு வானொலி விளம்பரங்கள் செய்தார். வாசகம் எழுதுவதும் அவர்கள் பொறுப்புதான். 1964-ல் ஒரு கௌபாய் பட விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் வராமல் போனதால் தானே வாசித்துக் கொடுத்தார். வாங்கியவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனாலும் அவர் உடனே மைக் பக்கம் சாய்ந்துவிடவில்லை. 1976-ல் சொந்த நிறுவனம், 1978-ல் பாரமவுண்ட் ஸ்டுடியோவின் டிரெய்லர் பிரிவுக்குத் தலைமை என்று வெட்டுகிறவர்கள் பக்கமே இருந்தார். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன பிறகுதான் தனித்து இயங்கும் குரல் கலைஞர் ஆனார். 2008-ல் மறைந்தபோது அவர் குரல் கொடுத்த டிரெய்லர்கள் 5,000-ஐத் தாண்டியிருந்தன.

எடிட்டரின் காது இருந்தால் என்ன லாபம் என்று சொல்கிறேன். அமெரிக்கத் தியேட்டர் டிரெய்லர் பெரும்பாலும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் வசனம், இசை, வெடிச்சத்தம் எல்லாம் போக மிஞ்சுகிற இடுக்குகள்தான் குரலுக்கு. ஓர் இடுக்கு 2.4 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் 2 நொடிக்குள் முடிந்தாக வேண்டும். மீதி 0.4 நொடி அடுத்து வரும் கதவுச் சத்தத்துக்கு முன்னால் காது எடுத்துக்கொள்கிற மூச்சு. 2.6 நொடிக்குப் படித்துவிட்டால் எடிட்டருக்கு இரண்டே வழி: வாக்கியத்தை இயந்திரத்தில் சுருக்க வேண்டும், அல்லது சொற்களுக்கு நடுவே இருக்கும் மௌனத்தை வெட்ட வேண்டும். முன்னதில் குரல் தகரம் மாதிரி ஆகும், பின்னதில் மூச்சு போய் இயந்திரம் பேசுவது போலக் கேட்கும். “0.3 நொடி குறைத்துக் கொடுங்கள்” என்று எடிட்டர் கேட்டால், வேகம் கூட்டியது தெரியாமல் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் துரத்தினால் அவசரம் தெரிந்துவிடும். முக்கியமான சொல்லை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சொற்களில்தான் நேரத்தைப் பிடுங்க வேண்டும். இது மட்டும் கைவர ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது, பலரும் நம்ப மறுக்கிற விஷயம். டிரெய்லர் குரல் பெரிய குரல் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ரகசியம் சொல்லும் அளவுக்குத்தான் பல வரிகளைப் பேசுவார்கள். சின்னக் குரலை மைக்குக்குப் பக்கத்தில் பேசி, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸரில் 3:1 அல்லது 4:1 விகிதத்தில் அழுத்தி, பிறகு அளவை ஏற்றும்போதுதான் அது அரங்கம் முழுக்க நிறைகிறது. கத்தினால் சுருதி மேலே ஏறிக் குரலின் அடிப்பகுதி மெலிந்துவிடும். எவ்வளவு ஒலி கூட்டினாலும் தூரத்தில் யாரோ கத்துவது போலத்தான் இருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸ் குரல் கலைஞர்கள் நடுவே சென்ஹைசர் 416 மைக் நிலைத்துப்போனதற்கும் காரணம் உண்டு. பக்கவாட்டு இரைச்சலை நன்றாக விலக்கும். இசைக்கும் வெடிக்கும் நடுவே குரலை முன்னுக்குத் தள்ளும். வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம், நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேரே வைத்தால் ‘ப’ ஒலியின் காற்று டப்பென்று மோதும். இன்னும் நெருங்கினால் அடிச்சத்தம் வீங்கிச் சொற்கள் குழம்பும். இன்னொரு தவறு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டுவது. கட்டைக் குரலின் அடிச்சுருதியே அந்த ஓரத்தில்தான் ஓடுகிறது. வடிகட்டலை 50, 60 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள்.

குரலைச் செயற்கையாகக் கரகரப்பாக்குவது தொண்டைக்குச் செய்கிற துரோகம். குரல் நாண்களை அழுத்தித் தேய்த்துத்தான் அந்தக் கரகரப்பு வருகிறது. அரைமணி நேரத்தில் வறண்டு, மறுநாள் மேல்சுருதி காணாமல் போகும். உங்கள் இயல்பான சுருதிக்கு ஒரு படி கீழே போனால் போதும்.

வாசிக்கும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ஒரே வரியை நிறுத்தாமல் மூன்று முறை வாசித்துக் கொடுப்பது வழக்கம். மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும்: ஒன்றில் எடை வினைச்சொல்லில், ஒன்றில் பெயரில், ஒன்றில் எங்குமே இல்லாமல் தட்டையாக. ஒரே மாதிரி மூன்று தடவை, ஒவ்வொன்றும் கொஞ்சம் சத்தமாக வாசித்தால் எடிட்டருக்குப் பயனே இல்லை. டிவி விளம்பரம் என்றால் ‘வெள்ளிக்கிழமை’, ‘நாளை’, ‘இன்று முதல்’ என்று கடைசிச் சொல்லுக்கு மட்டும் பல வடிவங்கள் பதிவாகும். முன்னால் இருக்கும் வரியின் சுருதியை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றைச் சொல்லை ஒட்ட வைக்க வேண்டும். சுருதி அரை இழை தப்பினாலும் ஒட்டுப்போட்டது தெரியும்.

கேலிக்கு ஆளான அந்த ‘இன் எ வேர்ல்ட்’ தொடரையும் சொல்லியாக வேண்டும். அது வெறும் அலங்காரம் இல்லை. பார்வையாளரை அவருடைய நாற்காலியிலிருந்து கிளப்பிப் படத்தின் காலத்துக்கும் இடத்துக்கும் சட்டென்று கொண்டுபோய் இறக்க ஒரு சுருக்குவழி தேவைப்பட்டது. எழுதத் தெரிந்தவர் கண்டுபிடித்த வழி அது.

பிற்காலத்தில் லாஃபோன்டைன் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுநர் வைத்த லிமோசினில் போனார் என்பதை ஆடம்பரக் கதையாகவே சொல்கிறார்கள். நிறுத்த இடம் தேடுகிற நேரம் மிச்சம் என்பதே உண்மையான காரணம். பிறகு ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வந்தது. 64 கிலோபிட் வழித்தடங்கள் இரண்டைச் சேர்த்து வீட்டிலிருந்தே தரமான குரலை அனுப்ப முடிந்தது. வண்டிக்கு வேலை குறைந்தது.

2000-களின் நடுவிலிருந்து தியேட்டர் டிரெய்லர்களில் இந்தக் குரல் குறைந்ததற்குக் கிண்டல்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கணினி எடிட்டிங்கில் வசனத் துணுக்குகளை வைத்தே கதை சொல்ல முடிந்தது. திரையில் எழுத்துப் பலகை போட்டால் வேறு நாட்டுக்கு அனுப்பும்போது மாற்றுவதும் சுலபம். டிவி விளம்பரத்தில் 15 நொடிக்குள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் அங்கே குரல் இன்னும் பிழைத்திருக்கிறது.

இந்தத் தொழிலில் என்னை உறுத்துவது, அமெரிக்கப் பெரும்படங்களுக்குப் பெண் குரல் ஏறத்தாழ வரவே இல்லை என்பது. 2000-ல் ‘கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்’ டிரெய்லருக்கு மெலிசா டிஸ்னி குரல் கொடுத்தது அபூர்வமான விதிவிலக்கு. மேலே சொன்ன இடுக்கு, எடை, மூச்சு எதற்கும் ஆண் குரல்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழக்கம்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தது.

பழக நினைக்கிறவர்கள் பழைய டிரெய்லர் ஒன்றை எடுத்து, குரல் வருகிற ஒவ்வோர் இடுக்கையும் நிறுத்துக் கடிகாரத்தில் அளந்து எழுதுங்கள். அந்த வாசகத்தை உங்கள் சாதாரணக் குரலில், மெதுவான சத்தத்தில் அதே நேரத்துக்குப் படித்துப் பதியுங்கள். பிறகு படத்தோடு ஒட்டிப் பாருங்கள். எந்த வரி அடுத்த சத்தத்தின் மேல் ஏறி விழுகிறதோ, அதை மட்டும் திரும்ப எடுங்கள்.