பிளான்ஷ் நிலையத்தில் இறங்கிய இரவு

வேலை முடிந்து மெட்ரோ இரண்டாம் தடத்தில் லா சப்பலுக்குத் திரும்பும் பாரிஸ் தமிழர்களுக்கு பிளான்ஷ் நிலையம் தெரியும். படியேறி வெளியே வந்தால் எதிரிலேயே முலான் ரூஜ் என்ற காபரே அரங்கின் சிவப்புக் காற்றாலை. அங்கிருந்து நான்காவது நிறுத்தம் நம் கடைத்தெரு. பதினெட்டு ஆண்டுகள் கடந்து போயும் நான் அங்கே இறங்கியதில்லை. காபரே என்றால் வில்லனின் மது விடுதியில் நடக்கும் ஆட்டம் என்று சினிமா என் மனதில் பதித்திருந்தது.

சென்ற ஆண்டு திருமண நாளன்று என் மனைவிதான் "ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்றாள்.

மேடையை ஒட்டிய மேசை கிடைத்தது. கன்கன் ஆட்டத்தின் உச்சத்தில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகத் துள்ளி எழும்பி, இரு கால்களையும் நீட்டி விரித்தபடி பலகையில் வந்து விழுந்தார்கள். எங்கள் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் அதிர்ந்தது. அடுத்த நொடியே சிரித்தபடி எழுந்து நின்றார்கள். கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பரதம் பயின்ற என் மனைவி, "ஒருத்திக்குக்கூடத் தாளம் பிசகவில்லை" என்று காதோரம் சொன்னாள்.

மார்பை மறைக்காமல் ஆடும் பெண்களும் வருகிறார்கள், அதை ஒளித்துப் பேச மாட்டேன். ஐந்து நிமிடத்தில் அது கண்ணுக்குப் பழகிவிட்டது. கடைசிவரை பழகாதது அவர்களுடைய நடை. தலையிலும் முதுகிலும் இறகுப் பாரம், உயர்ந்த குதிகால் காலணி. அப்படியே படியிறங்குகிறார்கள், ஒருத்தியும் குனிந்து படியைப் பார்ப்பதில்லை. அந்த இறகுகளை ஒவ்வொன்றாகக் கையால் கட்டும் பட்டறைகள் பாரிஸில் இன்று மிகச் சில. ரெவ்யூ எனப்படும், பாட்டும் ஆட்டமும் கலந்த இந்த மேடை நிகழ்ச்சி நின்றால் அந்தக் கைத்தொழிலும் நின்றுபோகும்.

நிற்கத்தான் தொடங்கியிருக்கிறது. பாரிஸின் ஷான்செலிசே சாலையில் 1946இல் தொடங்கிய லிடோ காபரே, 2022இல் தன் ரெவ்யூவை நிறுத்தியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். லாஸ் வேகஸில் 1981 முதல் நடந்த 'ஜூபிலி' ரெவ்யூ 2016இல் முடிந்தது.

ரசனை மாறிவிட்டது என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. ரெவ்யூ என்ற சொல்லுக்கே திரும்பிப் பார்ப்பது என்று பொருள். முடிந்துபோன ஆண்டின் அரசியலையும் ஊர்வம்பையும் பாட்டாலும் ஆட்டத்தாலும் கேலி செய்யப் பிறந்த கலை இது. பாரிஸின் ஃபொலி பெர்ஜேர் அரங்கில் புகழ்பெற்ற ஆட்டக்காரி ஜோசஃபின் பேக்கர் 1926இல் ஒரு ரெவ்யூவில் ஆடினார், 1927இல் வேறொன்றில் ஆடினார். சூடு ஆறுவதற்குள் புதிது வந்தது. முலான் ரூஜில் நாங்கள் பார்த்த 'ஃபேரி' ரெவ்யூ 1999இல் அரங்கேறியது! அன்று பிறந்த குழந்தை இன்று வேலைக்குப் போகிறது. ஊரில் அன்றாடம் நடப்பதைப் பற்றி அந்த மேடையில் ஒரு வரிகூட இல்லை. இசையும் முன்பே பதிவு செய்து வைத்தது. உயிரைக் கொடுத்து ஆடும் அந்தப் பெண்களுக்கு, அவர்களுடைய மூச்சைக் கவனித்து வாசிக்க ஒரு டிரம்மர்கூட இல்லாதது எனக்கு வலித்தது.

2024 ஏப்ரலில் ஓர் இரவு அந்தக் காற்றாலையின் இறக்கைகள் கழன்று தெருவில் விழுந்தன. ஒலிம்பிக்கிற்கு முன்பே, ஜூலையில் புதியவற்றைப் பொருத்திவிட்டார்கள். அந்த அவசரத்தில் பாதியாவது மேடைக்குள்ளும் காட்டட்டும். இந்த ஆண்டைப் பாடும் ஒரு புது ரெவ்யூ, பத்துப் பேர் கொண்ட ஓர் இசைக்குழு, இவை வந்தால் போதும். நாங்கள் இருவரும் மறுபடி பிளான்ஷில் இறங்குவோம்.