மிச்சத்தையும் கேளுங்கள்

குழந்தைகள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கத் தராசெல்லாம் வேண்டாம், வெவ்வேறு அளவில் எடுத்து வைத்த சோற்றின் படங்களை வரிசையாகக் காட்டி "நேற்று குழந்தை எவ்வளவு சாப்பிட்டது?" என்று தாயிடம் கேட்டாலே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி.

எங்கள் வீட்டில் இரண்டரை வயது வாண்டு ஒன்று உண்டு. பருப்புச் சோற்றை நெய் விட்டுக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்தால், நாலு வாய் உள்ளே போகும், ஒரு வாய் சட்டையில், ஒரு வாய் காக்காவுக்கு. மிச்சத்தை வழித்து நான் சாப்பிட்டுவிடுவேன். சாயங்காலம் யாராவது கேட்டால் "ஒரு கிண்ணம்" என்றுதான் வாயில் வரும். ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். போட்டது 110 கிராம், மிஞ்சியது 45. சட்டையில் இருந்ததை எப்படி நிறுப்பது, விட்டுவிட்டேன்.

அந்தப் படங்களில் இருப்பதோ பெரிய தட்டில் உதிரியாகக் குவித்த சோறு. பெரியவர்கள் அளவுக்கு எடுத்த படத்தைக் காட்டினால், இருப்பதிலேயே சிறிய குவியல்கூட குழந்தை தின்றதைவிட அதிகமாக இருக்கும், கணக்கு ஏறிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் படத்தொகுப்பு தயாரித்தார்கள். அதில் பரிமாறியதற்கு ஒரு வரிசை, தட்டில் மிஞ்சியதற்கு இன்னொரு வரிசை. கெட்டிக்காரத்தனம்.

இட்லி என்றால் பரவாயில்லை, அரை, முக்கால் என்று சொல்லிவிடலாம். ரசம் சாதத்துக்குத்தான் படம் வேண்டும், அதுவும் பிசைந்த பிறகு எடுத்த படம். அப்புறம், பால்வாடியில் தின்றதையும் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த முறுக்கையும் எந்தப் படத்தைக் காட்டி யாரிடம் கேட்பது?