வண்டியோடு வந்தது

(மண்டபம் முகாமில் ஒரு வீடு. ஆடி மாதம், சனிக்கிழமை இரவு. கணவர் திண்ணையில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பியிருக்கிறார். பணி ஓய்வுக்கு இன்னும் 2 வருடம் இருக்கிறது. சர்க்கரை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது. மருத்துவர் "நடங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் மிதியுங்கள்" என்றார். நடப்பதற்குச் செலவே இல்லை என்பதால் இவர் சைக்கிளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்.)

மனைவி: ஏங்க, சட்னி அரைக்கலாம் என்று போனால் மிக்சி பிளக்கில் என்னென்னவோ சொருகிக் கிடக்கிறதே?

கணவர்: பிடுங்கிவிடாதே! முன் விளக்கு, பின் விளக்கு, மீட்டர், ரேடார் நான்கும் சார்ஜ் ஏறுகிறது.

மனைவி: ரேடாரா? இரண்டு தெரு தள்ளிக் கடலோரக் காவல் படை இருக்கிறது. விஷயம் தெரிந்தால் வாசலில் ஜீப் நிற்கும்.

கணவர்: இது சைக்கிளுக்கான ரேடார். சீட்டுக்குக் கீழே மாட்டினால், பின்னால் 140 மீட்டரில் வண்டி வந்தாலும் கண்டுபிடித்து முன்னால் இருக்கிற மீட்டரில் கீய் என்று சொல்லும்.

மனைவி: பின்னால் வருகிற மீன் லாரிக்காரன் இதைவிடச் சத்தமாகச் சொல்வானே.

கணவர்: காற்றில் காது அடைத்துக்கொள்ளும், அது உனக்குப் புரியாது. இதைப் பார், இது பல வேலைக் கருவி. அலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சேர்த்து ஒரே கைப்பிடியில் 15.

மனைவி: 15ல் எத்தனை உங்களுக்குத் தெரியும்?

கணவர்: பாட்டில் திறப்பான்.

மனைவி: அது சரி. இந்தக் கால்சட்டைக்குள் என்ன மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள்? பேரனுக்கு வாங்கியதா?

கணவர்: எனக்குத்தான். அதிக தூரம் உட்கார்ந்து மிதித்தால் வலிக்காது.

மனைவி: என் சைக்கிள் சீட்டுக்குக் கீழே இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. வண்டியோடு வந்தது.

(இந்த இடத்தில் மனைவியின் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை நிற லேடீஸ் சைக்கிள். அவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் அந்த மாவட்டமே சைக்கிள் பழகியபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் விழுந்து எழுந்து மிதித்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருத்தி. கல்யாணச் சீர் வரிசையில் பீரோவுக்குப் பதிலாக அந்தச் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தவர்.)

கணவர்: உன் வண்டி 20 கிலோவுக்குக் குறையாது. என்னுடையது 10 கிலோ.

மனைவி: ஸ்டாண்டு எங்கே?

கணவர்: கிடையாது. எடை.

மனைவி: கேரியர்?

கணவர்: கிடையாது.

மனைவி: மட்கார்டு? பெல்லு? பூட்டு? செயின் கவர்?

கணவர்: எடையைக் குறைக்கத்தான் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்கிறேன்! பெல் தனியாக வாங்கினேன், இதோ. பூட்டு, இதோ. மட்கார்டு திங்கட்கிழமை கூரியரில் வரும்.

மனைவி: எடுத்ததற்கு ஒரு விலை, திருப்பி மாட்ட இன்னொரு விலை. கெட்டிக்காரக் கடைக்காரன். இந்த விளக்கு எரியுமா?

கணவர்: கண்ணைப் பறிக்கும். பார்.

மனைவி: ஐயோ, அணையுங்கள்! இதை நேராக வைத்துக்கொண்டு போனால் எதிரே வருகிறவன் கடலில் இறங்கிவிடுவான். கொஞ்சம் தரையைப் பார்த்து மாட்டுங்கள். என் வண்டியில் டைனமோ இருக்கிறது. ஒரு நாளும் சார்ஜ் கேட்டதில்லை.

கணவர்: அது டயரில் உரசி நீ மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கைத் தின்னும். நின்றால் விளக்கும் நின்றுவிடும்.

மனைவி: இருட்டில் எதற்கு நிற்க வேண்டும்? சரி, இந்தச் சிவப்பு விளக்கு நல்லது. ஹெல்மெட்டும் நல்லது. இந்த இரண்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வரட்டுமா?

கணவர்: (அடிபட்டவர் போல) தேங்காய் எண்ணெயா! உன் செயின் தகரக் கூண்டுக்குள் இருக்கிறது, எதை ஊற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். என்னுடையது திறந்த செயின். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். அதில் கடற்கரை மணல் வந்து ஒட்டினால் செயினும் பல்சக்கரமும் அம்மியில் அரைபடுகிற மாதிரி தேயும். இதற்கென்று எண்ணெய் இருக்கிறது. கணுவுக்கு ஒரு சொட்டு விட்டுப் பெடலைச் சுற்ற வேண்டும், பிறகு மேலே வழிந்ததைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். உள்ளே இருந்தால் போதும், வெளியே இருந்தால் மணலுக்குத்தான் விருந்து.

மனைவி: ...

(முப்பது வருடத்தில் மனைவி பதில் சொல்லாமல் இருந்த மூன்றாவது சந்தர்ப்பம் இது. கணவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.)

கணவர்: அப்புறம், உப்புக் காற்றில் போய்விட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு குடம் எடுத்து வைத்துவிடு.

மனைவி: ராமநாதபுரத்துக்கு மாற்றினாலே தண்ணியில்லாக் காட்டுக்குப் போகிறான் என்று ஊரெல்லாம் துக்கம் விசாரிக்கும். இங்கே காவிரித் தண்ணீர் எந்த நேரம் வரும் என்று குடத்தோடு காத்திருக்கிறேன். உங்கள் சைக்கிளுக்குத் தீர்த்தமாடவா? ஈரத் துணியால் துடையுங்கள்.

கணவர்: சரி, ஈரத் துணி.

மனைவி: இது என்ன, பித்தளையில் மூக்குத்தி மாதிரி குட்டியாக?

கணவர்: பம்பு வாங்கினால் கூடக் கொடுப்பது. எனக்கு எதற்கு அது? நான் பம்பே எடுத்துப் போகவில்லை. இதோ, கார்பன் டை ஆக்சைடு குப்பி. 16 கிராம். டயர் இறங்கினால் வால்வில் வைத்துத் திருகினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் காற்று நிரம்பிவிடும்.

மனைவி: எத்தனை குப்பி?

கணவர்: ஒன்று. எடை.

(மனைவி மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொள்கிறார். பம்போடு வந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவராவது அதைப் படிக்க வேண்டுமே.)

*

(ஞாயிறு காலை ஏழு மணி. மனைவியின் கைப்பேசி ஒலிக்கிறது.)

கணவர்: நான்தான். பாம்பன் பக்கம் பாலம் இறங்கியதும் நிற்கிறேன். அடேயப்பா, என்ன வேகம் தெரியுமா? மீட்டரில் 34 கிலோமீட்டர்! இந்த வயதில்!

மனைவி: கச்சான் காற்று முதுகில் அடித்தால் ஓலைப்பாய்கூட 34 போகும். எதற்குக் கூப்பிட்டீர்கள்?

கணவர்: என் இதயத் துடிப்பு இப்போது 156.

மனைவி: ஐயையோ! மிதித்ததாலா?

கணவர்: இல்லை, உனக்குப் போன் போட்டதால். பின் டயர் பஞ்சர்.

மனைவி: ரோட்டிலா?

கணவர்: 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அந்தப் புது ரயில் பாலம் பின்னால் தெரிகிற மாதிரி சைக்கிளை வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஓரமாக இறங்கினேன். ஸ்டாண்டு இல்லையா, ஒரு கருவேல மரத்தில் சாய்த்தேன்.

மனைவி: சீமைக்கருவேல மரத்தில்! இந்த மாவட்டத்தில் ஆடுகூட அதன் அடியில் பார்த்துத்தான் கால் வைக்கும். குப்பி என்ன ஆயிற்று?

கணவர்: உஸ்ஸ் என்றது.

மனைவி: டயருக்குள்ளா?

கணவர்: வெளியே. விரல் பனிக்கட்டி மாதிரி விறைத்துவிட்டது.

மனைவி: வேறு டியூப்?

கணவர்: பையில் இடம் இல்லை. பாட்டுப் பெட்டி இருக்கிறது.

மனைவி: பாட்டைக் கேட்டுக்கொண்டே இருங்கள், வருகிறேன்.

*

(அரை மணி நேரம் கழித்துப் பச்சை சைக்கிள் வந்து நிற்கிறது. ஸ்டாண்டில் நிற்கிறது. கேரியரில் வீட்டு மொபெட்டுக்குக் காற்றடிக்கும் கால் பம்பு கட்டியிருக்கிறது.)

மனைவி: பின் சக்கரத்தைக் கழற்றினீர்களா?

கணவர்: 15 கருவியும் போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை.

மனைவி: (அச்சின் ஓரத்தில் இருந்த கைப்பிடியை மடக்கித் திறக்கிறார்.) கருவியே வேண்டாம் என்றுதானே இதை வைத்திருக்கிறார்கள்! பிடியுங்கள். எதிரே பாருங்கள், அந்தப் பாலத்தில் 72 மீட்டர் தண்டவாளத்தைக் கப்பலுக்காக அப்படியே மேலே தூக்குகிறார்கள். நீங்கள் இந்தச் சக்கரத்தை ஒரு சாண் தூக்கினால் போதும்.

கணவர்: தூக்கிவிட்டேன். டயரைப் பிரிக்க இந்த பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கிறது.

மனைவி: கொடுங்கள். நீங்கள் வாங்கியதில் இது உருப்படி. எங்கள் ஊரில் கரண்டிக் காம்பால் நெம்பி டியூபை இன்னொரு இடத்தில் கிழித்து வைப்போம். ஓட்டை எங்கே என்று கன்னத்தருகே வைத்துப் பார்க்கலாம் என்றால் இந்தக் காற்றில் எல்லாப் பக்கமும்தான் அடிக்கிறது. அந்த மீன்கார அக்காவின் அன்னக்கூடையில் முக்குவோம்.

கணவர்: மீன் தண்ணீரிலா? டியூப் நாறுமே.

மனைவி: டயருக்குள்தானே இருக்கப் போகிறது? இதோ குமிழி. இந்த இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூசன் தடவியதும் ஒட்டாதீர்கள், கொஞ்சம் காயட்டும். அதற்குள் டயருக்கு உள்பக்கம் இந்தப் பஞ்சை வைத்துச் சுற்றித் தடவுங்கள்.

கணவர்: டியூபில்தானே ஓட்டை?

மனைவி: ஓட்டை டியூபில். முள் டயரில். முள்ளை விட்டுவிட்டு மாட்டினால் பாலம் ஏறுவதற்குள் மறுபடி உஸ்ஸ். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கேதான் அது இருக்கும்.

கணவர்: சிக்கிவிட்டது! இவ்வளவு சின்ன முள்ளா!

மனைவி: இப்போது காற்று. உங்கள் வால்வு ஒல்லி வால்வு, நம் பம்பு வாயில் பிடிக்காது. (முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்.)

கணவர்: மூக்குத்தி!

மனைவி: முதலில் வால்வு நுனியில் இருக்கிற இந்தக் குட்டி நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால்தான் உள்ளே வழி திறக்கும். நீங்கள் அதைத் திறக்காமல் குப்பியைத் திருகியிருக்கிறீர்கள். எல்லாம் அந்தக் காகிதத்தில் படம் போட்டிருக்கிறது. அப்புறம் மூக்குத்தியை மேலே திருக வேண்டும். ஒல்லி வால்வு மொபெட் வால்வு ஆகிவிட்டது. மிதியுங்கள்.

கணவர்: எவ்வளவு? எனக்கு 80 வேண்டும். என் டிஜிட்டல் அளவு மானி... பேட்டரி தீர்ந்திருக்கிறது.

மனைவி: பம்பிலேயே முள் இருக்கிறது, பாருங்கள். இந்த முள் நல்ல முள். 60 வந்தாலே வீடு போய்ச் சேரலாம், மீதியை வீட்டில் அடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்னால் போங்கள். நான் அக்காவிடம் சூடை மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன். டியூபைக் கழுவிய தண்ணீருக்கு அவருக்கும் ஒரு வியாபாரம் ஆக வேண்டும்.

கணவர்: நிதானமாக வா. என் வண்டியில் கியர் இருக்கிறது, வீட்டில் போய்க் காபி போட்டு வைக்கிறேன்.

*

(பாலத்தின் மேல். இப்போது கச்சான் நேர் எதிரே. பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். இன்று அவ்வளவு இல்லை. சைக்கிளை நிறுத்த அதில் பாதி போதும். கணவர் கடைசி கியரில் குனிந்து மிதிக்கிறார். மீட்டர் 9 காட்டுகிறது. இடப்பக்கம் ஒரு கடற்காகம் அவரைவிட மெதுவாகப் பறப்பதில் அவருக்கு ஓர் ஆறுதல். திடீரென்று கீய் என்கிறது.)

கணவர்: (தனக்குள்) ரேடார்! வேலை செய்கிறது! பின்னால் ஏதோ வேகமாக வருகிறது. லாரியா? பஸ்ஸா? ஓரமாகப் போவோம்.

(மீட்டரின் ஓரத்தில் புள்ளி மேலே ஏறி ஏறி வருகிறது. தம்மைவிட வேகமாக நெருங்கி வருவதற்குத்தான் அந்த ரேடார் மணி அடிக்கும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அவர்தான் படிக்கவில்லையே. டிரிங் டிரிங்.)

மனைவி: ஓரமாகத்தான் இருக்கிறீர்கள், இன்னும் ஓரம் போனால் கடல். என்ன, காபி போட்டாயிற்றா?

கணவர்: நீ... எப்படி... இந்தக் காற்றில்...

மனைவி: பேசாதீர்கள், மூச்சு வீணாகும். என் பின்னால் வாருங்கள். இன்னும் நெருங்கி. கேரியரில் இருக்கிற மீன் பைக்கு ஒரு முழம் தள்ளி. காற்றை நான் வாங்கிக்கொள்கிறேன்.

கணவர்: அடடே, ஆமாம்! காற்றே இல்லை! கால் லேசாக இருக்கிறது. ஆனால் மீன் வாசம்...

மனைவி: அது வண்டியோடு வந்ததில்லை, நூறு ரூபாய். மீட்டரில் இப்போது எவ்வளவு?

கணவர்: 14!

மனைவி: அது என் வேகம். உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.