ஆமாம், நான் பல்பு வாங்கியவன்தான்

நேற்றைய அந்த ஆமை வீடியோவைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "யூவிபி பல்பெல்லாம் ஏமாற்று வேலை, ஜன்னலோரம் வைத்தால் போதும்" என்று ஒருவர் கண்ணாடித் தொட்டியைத் தட்டிக் காட்டினாரே, அதுதான். யூவிபி என்றால் வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர். அந்த வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: கண்ணாடி வழியாக யூவிபி வராது. அதற்கு வந்த பதில்: "சார் நல்லா பல்பு வாங்கிட்டார் போல". அதற்கு விழுந்த ஹாஹாக்களை நான் எண்ணவில்லை. சரி, எண்ணினேன். 43.

மறுபடி சொல்கிறேன். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும், யூவிபி வராது. கிட்டத்தட்ட முழுவதையும் கண்ணாடியே விழுங்கிவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டும். இல்லையென்றால் ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். ஆமை ஓடும் எலும்புதான் ஐயா.

என் முதல் ஆமையை நானும் ஜன்னலோரம்தான் வைத்திருந்தேன். காலையில் வெயில் விழும் மூலைக்குப் போய்க் கழுத்தை நீட்டிப் படுத்துக்கொள்ளும். பார்த்துப் பூரித்துப்போவேன். ஒருநாள் குளிப்பாட்டும்போது அடி ஓட்டில் என் கட்டைவிரல் லேசாக அமுங்கியது, காற்று இறங்கிய பந்தைத் தொட்ட மாதிரி. அதற்கு முன் பல நாட்களாகவே அது உடம்பைத் தூக்க முடியாமல் வயிறு தரையில் உரசத்தான் நடந்திருக்கிறது. நான் அதைச் செல்லமாக "சோம்பேறி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"காட்டில் யார் பல்பு மாட்டினார்கள்?" என்பீர்கள். காட்டில் யார் தொட்டி வைத்தார்கள்? நேரடி வெயிலுக்கு ஈடு கிடையாது, ஒதுங்க நிழலும் கொடுத்து தினமும் வெளியே விட முடிந்தால் தாராளமாக விடுங்கள். நான் பேசுவது வீட்டுக்குள் அடைத்து வைப்பவர்களிடம். டி3 பொடி தூவலாமே என்றால், அளவு மீறினால் அதுவே நஞ்சு. தோல் தயாரிப்பது அளவோடு நின்றுகொள்ளும்.

அப்புறம், ஊதா நிறத்தில் எரிவதெல்லாம் யூவிபி இல்லை. சுருள் பல்பின் கதிர் சின்ன வட்டத்தோடு சரி. முதுகு முழுக்கப் படுகிற மாதிரி நீளமான டி5 யூவிபி டியூப் (மெல்லிசான டியூப்லைட் வகை), மேலே ரிஃப்ளெக்டர், பக்கத்திலேயே சூட்டுக்குத் தனி விளக்கு. எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்று டியூப் பெட்டியிலேயே போட்டிருக்கும், படியுங்கள். தலைக்கு நேர் மேலே மாட்டுங்கள், பக்கவாட்டில் வைத்தால் கண்ணில் அடிக்கும். நடுவில் கம்பி வலை இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தின்றுவிடும். டியூப் எரிகிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் வடிந்துபோயிருக்கும். நல்ல டி5 டியூப்பையே வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். மாட்டிய தேதியை அதன் முனையில் பேனாவால் எழுதி வைப்பது என் வழக்கம், சிரிப்பவர்கள் இதற்கும் சிரிக்கலாம்.

கமிஷன் எவ்வளவு என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். கேட்கட்டும். ஆனால் சிரித்த 43 பேரில் ஒருவர்கூட அந்த ஆமையின் பின்னங்கால்களைப் பார்க்கவில்லையா? கடைசி அரை நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். வயிற்றை இழுத்துக்கொண்டு போகிறது. வீடியோக்காரரும் சிரித்துக்கொண்டே "சரியான சோம்பேறி" என்கிறார்.