இலை தின்கிற புழுவுக்கு எதற்கு மருந்து?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பெண் ஒரு எலுமிச்சைக் கன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தாள். ஆடியில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த கன்று. முழங்கால் உயரம்கூட இல்லை. பாதி இலையைக் காணவில்லை. மீதியில் நடுநரம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நிற்கிறது. நுனிக்கிளையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைப்புழு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

“அக்கா, உரக்கடையில இதுக்கு என்ன மருந்து கேக்கணும்?”

“மருந்தெல்லாம் வேண்டாம்மா. புழு இருக்கற கிளையை மட்டும் நறுக்கி எடு. கொல்லையில இருக்கற கறிவேப்பிலை மரத்துல விட்டுடலாம்.”

“செடியைத் தின்னதைக் கொண்டுபோய் இன்னொரு செடியில விடுவாங்களாக்கா?”

நியாயமான கேள்வி. நின்ற வாக்கில் அதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. வருஷத்துக்கு நாலைந்து பேராவது இதையே என்னிடம் கேட்கிறார்கள், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பச்சைப்புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. கறுப்பும் வெளிர்மஞ்சளும் திட்டுத்திட்டாக, பின்சிறகில் ஒரு செங்கல் நிறப் பொட்டோடு கொல்லைப்புறத்தில் தாழப் பறக்குமே, அதுதான். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை என்று ஒரே குடும்பத்துச் செடிகளைத் தேடித்தான் வரும். தாய்ப்பூச்சி இலைமேல் உட்கார்ந்து காலால் ருசி பார்க்கும், பட்டாம்பூச்சிக்கு நாக்கு காலில் இருக்கிறது என்றே சொல்லலாம். சரியான செடிதான் என்று தெரிந்தால் கொழுந்து இலையில் கசகசா அளவில் மஞ்சளாக ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போகும். ஒரே இடத்தில் குவித்து வைக்காது.

முட்டையிலிருந்து வருகிற புழுவைப் பார்த்தால் காக்காய் எச்சம் என்று நினைத்துக் கையால்கூடத் தொடமாட்டோம். கறுப்பில் வெள்ளைத் திட்டு, ஈரமாக ஒரு மினுமினுப்பு. நாலு தடவை தோலுரிக்கும். நாலாவது முறை உரித்ததும் பச்சையாகிவிடும். அப்போது முதுகில் லேசாகத் தட்டிப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பாம்பு நாக்கு மாதிரி கவைத்த கொம்பு ஒன்று சட்டென்று வெளியே வரும், கூடவே ஒரு நெடி. அழுகின எலுமிச்சைத் தோலைக் கசக்கின மாதிரி. எறும்பையும் குருவியையும் விரட்ட அது வைத்திருக்கிற ஆயுதம் அவ்வளவுதான். நம் கையை அது ஒன்றும் செய்யாது, அரிக்காது, கொட்டாது. மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டு அரிப்பு கொடுக்கிற கம்பளிப்பூச்சி வேறு. அது அந்துப்பூச்சியின் புழு.

தின்கிறது என்பது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பங்கைப் பச்சையான பிறகு உள்ள சில நாளில்தான் தின்று தீர்க்கும். ஆளுயரக் கறிவேப்பிலை மரத்தில் ஐந்தாறு புழு இருந்தாலும் மரத்துக்கு உறைக்காது. ஒரு சாண் கன்றில் இரண்டு புழு இருந்தால் மொட்டையாகிவிடும். என் பேச்சு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

கறிவேப்பிலை வளர்க்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள். “நுனியை ஒடிச்சு விடு, அப்பதான் கிளைக்கும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தினமும் தாளிக்க இரண்டு இணுக்கு ஒடிக்கிறோம். ஒடிக்க ஒடிக்கத்தான் மரம் தழைக்கிறது. புழு வாயால் ஒடிக்கிறது, நாம் கையால் ஒடிக்கிறோம். மரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பழுப்பு இலையை உதிர்த்துவிட்டுத் துளிர் விட்டுப் பழகின செடிக்கு, இலை போவது சாவு கிடையாது.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. ஏழு வருஷம் முன்னால் இதே கறிவேப்பிலை மரத்துக்கு நானே மருந்து அடித்தேன். கடையில் என்ன செடி, என்ன புழு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “புழுவுக்கா? இந்தாங்க” என்று ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் வாங்கி வந்தேன். சாயங்காலம் அடித்தேன். விடிந்து பார்த்தால் மரத்தடியில் பத்துப் பதினைந்து புழு சுருண்டு கிடந்தது. பக்கத்திலேயே பொறிவண்டுகள் கால்களை மேலே தூக்கியபடி. அத்தை வெளியே வந்து பார்த்துவிட்டு, “ரசத்துக்குத் தாளிக்கிற இலையில விஷத்தை அடிச்சிட்டு வந்து நிக்கிறியேம்மா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தை மனசில் அப்படியே இருக்கிறது.

இரண்டு மாதம் எங்கள் மரத்து இலையைத் தொடவில்லை, கடையில் வாங்கினோம். கடை இலையில் மருந்து இருக்காதா என்றால், இந்தியாவிலிருந்து போகிற கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் தனியாகச் சோதனை வைத்தது. ஏற்றுமதி இலைக்கு அந்தச் சோதனை. நம் தட்டில் விழுகிற இலையை யார் சோதிக்கிறார்கள்? வீட்டில் ஒரு மரம் வைப்பதே இந்தப் பயத்துக்காகத்தான். அதிலும் மருந்தை அடித்தால் மரம் வைத்ததற்கு என்ன அர்த்தம்?

அடுத்த மாதமே பக்கத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வெள்ளை வெள்ளையாகக் கணுவெல்லாம் அப்பிக்கொண்டது. அதைத் தின்னவேண்டிய பொறிவண்டைத்தான் நான் கொன்றுவிட்டேனே. மாவுப்பூச்சிமேல் மெழுகு இருப்பதால் மருந்து சுலபத்தில் ஒட்டாது. 2008ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கலாம். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று அடுத்தடுத்துப் போனது. விவசாயிகள் என்னென்ன மருந்தோ அடித்தும் நிற்கவில்லை. கடைசியில் 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. பூச்சியைப் பூச்சிதான் அடக்கியது.

அந்தச் செம்பருத்தியில்தான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிசயத்தைப் பார்த்தேன். மருந்து ஒன்றும் அடிக்காமல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தேன். சில வாரம் கழித்து மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் புழு. மாவுப்பூச்சியின் மெழுகையே தன் முதுகில் பூசிக்கொண்டு, மாவுப்பூச்சியையே தின்றுகொண்டிருந்தது. அதுவும் பட்டாம்பூச்சிப் புழுதான்! பழுப்பு நிறத்தில் நகத்தளவே இருக்கிற ஒரு சின்னப் பட்டாம்பூச்சி. அதன் கூட்டுப்புழுவை முன்பக்கமிருந்து பார்த்தால் அச்சு அசலாகக் குரங்கு முகம், கண், மூக்கு எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘ஏப்ஃபிளை’. இலையையே தொடாத பட்டாம்பூச்சிப் புழு ஒன்று நம் செம்பருத்தியில் நமக்காக வேலை பார்க்கிறது. மருந்து அடித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

இதே மாதிரி இன்னொன்று. மாமரத்தில் புல்லுருவி படர்ந்து சாறு உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புல்லுருவி இலையைக் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற புழு உண்டு. சிறகின் அடிப்பக்கம் மஞ்சளும், ஓரத்தில் சிவப்புப் பொட்டு வரிசையுமாக உயரத்தில் மிதக்கிற பட்டாம்பூச்சி அதிலிருந்துதான் வருகிறது. எருக்கஞ்செடியில் வரிவரியாக இருக்கிற புழு ‘வெந்தய வரியன்’ என்கிற பட்டாம்பூச்சி ஆகிறது. அரளி இலைக்கு அடியில் வெள்ளிப் பூண் போட்ட மாதிரி தொங்கும் கூட்டுப்புழுவைப் பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள். கையில் எடுத்தால் நம் முகமே அதில் தெரியும். எருக்கையும் அரளியையும் நாமா தின்னப் போகிறோம்?

சரி, கெடுதல் செய்கிற பட்டாம்பூச்சியே கிடையாதா? இருக்கிறது. மாதுளை வைத்திருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாதுளைப் பழத் துளைப்பான் என்பது பட்டாம்பூச்சியேதான், அந்துப்பூச்சி கிடையாது. பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கும். புழு ஓட்டைப் போட்டு உள்ளே போய் விதையைத் தின்னும். அந்த ஓட்டை வழியாக அழுகல் நுழைந்து, வெடித்த பழம் நாற்றத்தோடு உதிரும். கொய்யாவையும் விடாது. இங்கே நான் புழு பக்கம் பேசமாட்டேன். பழம் போனால் போனதுதான், இலை மாதிரித் திரும்பத் துளிர்க்காது. அப்போதும் மருந்தால் பெரிய பலனில்லை, உள்ளே போய்விட்ட புழுவுக்கு வெளியே அடிக்கிற மருந்து எட்டாது. பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்ததும் துணிப்பை கட்டிவிடுங்கள். நான் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டுகிறேன். ஓட்டை விழுந்த காயைப் பறித்துக் குப்பையில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

அவரை, துவரைக் காயிலும் ஒரு நீலக்குட்டிப் பட்டாம்பூச்சியின் புழு வரும். காய்கறித் தோட்டத்தில் நம்மை அழவைக்கிற மற்ற பெயர்களை எடுத்துப் பாருங்கள். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கிற புழு, வெண்டைக்காய்ப் புழு, தக்காளியில் பச்சைக் காய்ப்புழு, புரோடீனியா என்கிற இலைதின்னிப் புழு, முட்டைக்கோசில் வைரமுதுகுப் புழு, 2018ல் வந்து மக்காச்சோளத்தை அழித்த படைப்புழு. இத்தனையும் இரவில் திரிகிற அந்துப்பூச்சிகள். எலுமிச்சை இலையில் வெள்ளிக்கோடு கிழித்துச் சுருள வைப்பதும் ஒரு பொடி அந்துப்பூச்சிதான். பழியோ பகலில் கண்ணுக்குத் தெரிகிற பட்டாம்பூச்சிக்கு.

அதற்காக அந்துப்பூச்சி என்றாலே எதிரி என்றும் சொல்லமாட்டேன். அந்தி சாய்ந்ததும் பப்பாளிப் பூவுக்கு வந்து மகரந்தம் சேர்ப்பது பருந்து அந்துப்பூச்சி என்கிற பெரிய பூச்சி. அதில் ஒரு வகையின் புழுதான் நம் நந்தியாவட்டையைத் தின்கிறது. பூ மட்டும் வேண்டும், காய் மட்டும் வேண்டும், புழு வேண்டாம் என்றால் நடக்கிற காரியமா?

‘நான் இயற்கை மருந்துதான் அடிக்கிறேன்’ என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேப்பெண்ணெயும் சரி, பி.டி. என்று விற்கிற நுண்ணுயிர்ப் பொடியும் சரி, நமக்குக் கெடுதல் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பி.டி.க்குக் காய்ப்புழு எது, பட்டாம்பூச்சிப் புழு எது என்று தெரியாது. இலையோடு வயிற்றுக்குள் போனால் இரண்டும் சாகும். கோசில் வைரமுதுகுக்கு அடியுங்கள், காரணம் இருக்கிறது. அதே கை மிச்சத்தைக் கறிவேப்பிலையில் அடிக்க வேண்டாம்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை நாற்று போட்டுப் பிழைக்கிறவரிடம் போய் நான் இதைப் பேசமாட்டேன். ஆயிரக்கணக்கான கன்று, ஒவ்வொன்றிலும் பத்து இலை, அவருக்கு ஒரு புழுவே நஷ்டக் கணக்கு. வேளாண்மைக் கையேடுகள் இதை எலுமிச்சையின் பூச்சி என்று எழுதுவதில் தப்பில்லை. நான் பேசுவது மாடியில் பத்துத் தொட்டியும் கொல்லையில் இரண்டு மரமும் வைத்திருக்கிற நம்மைப் பற்றி. நமக்குக் கை போதும். காலையில் காப்பித் தம்ளரோடு ஒரு சுற்றுச் சுற்றினால் புழு கண்ணில் படும். சின்னக் கன்றென்றால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். தினமும் பார்க்க முடியாது என்றால் இடுப்புயரம் வரும்வரை பழைய கொசுவலையால் கன்றை மூடிவிடுங்கள்.

விட்ட புழு எல்லாம் பட்டாம்பூச்சியாகிக் கூட்டம் கூடிவிடும் என்றும் பயப்பட வேண்டாம். ஒரு வருஷம் என் தங்கை பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று மூன்று கூட்டுப்புழுவைக் கிளையோடு எடுத்து வைத்திருந்தேன். ஒன்றிலிருந்துதான் பட்டாம்பூச்சி வந்தது. மற்ற இரண்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து பொடிப்பொடியாகக் குளவிகள் வந்தன. சின்னவன் அழுதே விட்டான். புழுவைத் தையல்சிட்டும் தூக்கும், குளவியும் தூக்கும். தையல்சிட்டு தன் குஞ்சுக்கு ஊட்டுவது இந்தப் புழுக்களைத்தான். நான் மருந்து அடித்த அந்த வருஷம் எங்கள் கொல்லையில் அது கூடு கட்டவில்லை. மருந்துதான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியாது. எனக்கு மட்டும் அதில் சந்தேகம் கிடையாது.

எங்கள் ஊர் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் 2015ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறோம். அங்கே பூச்செடி மட்டும் கிடையாது, புழு தின்பதற்கென்றே செடி வளர்க்கிறார்கள். 2019ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் புழு தின்பது நீரடிமுத்து மர இலையை. அந்த மரத்தை விட்டுவிட்டு மறவனை மட்டும் காப்பாற்ற முடியாது. பூங்காவில் கைபேசியில் படமெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குஞ்சுக்கு மருந்து அடிப்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

எதிர்வீட்டுப் பெண்ணின் புழு எங்கள் கறிவேப்பிலையில் நாலு நாள் தின்றது. வியாழக்கிழமை மரத்தை விட்டு இறங்கித் தரையில் அலைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் கொல்லைக் கதவின் கீலுக்குப் பக்கத்தில், வாலைக் கதவில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டடத்துக்கு ஏணி கட்டி ஏறும் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வாரே, அதே மாதிரி. நேற்று தோலுரித்துப் பழுப்பாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை அந்தக் கதவை யாரும் அடித்துச் சாத்தக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் தினமும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இன்று காலையில் வந்தபோது, அவள் எலுமிச்சைக் கன்றின் மூன்றாவது கணுவில் சிவப்பாக ஒரு துளிர் வந்திருப்பதாகச் சொன்னாள்.