பாஸ்போர்ட் வேண்டுமே!

சனிக்கிழமை விருந்தில் நடந்ததைப் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்களுக்குக் காணொளி வந்து சேர்ந்திருக்கும். எங்கே வீடு வாங்கலாம் என்று மணமக்கள் கேட்டார்கள். ஒலிவாங்கியைப் பிடித்த அண்ணன், வாழ்க்கைமுறைக்கேற்ற வட்டாரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். சிங்கப்பூரின் வடக்கே நான் குடியிருக்கும் ஈசூன் வட்டாரத்தின் பெயரை மணப்பெண் சொல்ல வாய் திறந்ததும், "ஈசூனா? பாஸ்போர்ட் வேண்டுமே!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். மூன்று நாளாக உறுத்துவது அதுதான்.

அண்ணன் சொன்ன வாழ்க்கைமுறையில் என்ன இருந்தது? ஓடுவதற்குப் பாதை, நல்ல காப்பி, நண்பர்களோடு உட்கார ஓரிடம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். தம்பி, தங்கை, நீங்கள் வீடு பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமை. குடியிருக்கப் போவது செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு அந்தப் புளோக்கின் கீழே போய் நில்லுங்கள். மின்தூக்கி எத்தனை மாடியில் நின்று வருகிறது, வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பிள்ளை தமிழ் படிக்க வேறோர் இடத்துக்கு அலைய வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் வீடிருந்தால் பள்ளியில் முன்னுரிமை என்று ஓடுகிறவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

என் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். ஆறே முக்காலுக்கு அம்மா வீட்டு இரும்புக் கதவு. சாவியைத் திருப்பினால் மட்டும் திறக்காது, முழங்காலால் ஒரு தள்ளு வேண்டும். உள்ளே போனதும் மாத்திரைப் பெட்டியில் 'செவ்' என்று எழுதிய மூடியைப் பார்ப்பேன். திறந்திருந்தால் நிம்மதி. மூடியிருந்தால் அம்மாவோடு வாக்குவாதம். பிறகுதான் வேலைக்கு. கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே போய்விடலாம். திரும்பும்போது குளக்கரையில் கொஞ்சம் நிற்போம். இதுவும் வாழ்க்கைமுறைதான் அண்ணா. காப்பி மட்டும் ஒரு வெள்ளி சொச்சத்துக் காப்பிக்கடைக் காப்பி.

இந்த வீடும் லேசில் கிடைக்கவில்லை. 2011-இல் அம்மாவின் பக்கத்துப் புளோக்கில் ஒரு மறுவிற்பனை வீடு வந்தது. விலை படிந்தது, வீட்டுக்காரச் சீனப் பாட்டிக்கும் என்னைப் பிடித்துப்போனது. ஆனால் அந்தப் புளோக்கில் இந்தியர் விகிதம் நிரம்பிவிட்டது. அரசாங்கக் குடியிருப்பில் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை விழுக்காடு வீடுதான் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. 2010-இல் நம் வரம்பைப் புளோக்குக்கு 15 விழுக்காடாக உயர்த்தினார்கள். அந்தப் புளோக் அதையும் தொட்டிருந்தது. விற்பவரும் இந்தியராக இருந்தால்தான் நாம் வாங்க முடியும். அப்படி ஒரு குடும்பம் விற்கும்வரை ஏழு மாதம் காத்திருந்தேன். 'தேர்ந்தெடுங்கள்' என்று மேடையில் சொல்கிறவர்கள் இதையும் ஒரு வரி சொல்லலாம். கொள்கையை நான் குறை சொல்லவில்லை. என் மாடியில் நான்கு மொழி கேட்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏழு மாதம் ஏழு மாதம்தான்.

"ஒரு வேடிக்கைப் பேச்சை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?" என்பீர்கள். வேண்டும். அடுத்து?

"ஈசூனைப் பற்றி வந்த செய்திகளெல்லாம் பொய்யா?" பொய்யில்லை. பூனைகளைக் கொன்றார்களே, எனக்கும் மனம் பதறியது. இரண்டு லட்சம் பேருக்குமேல் வாழும் ஊரில் நடப்பதெல்லாம் ஊரின் குணமாகிவிடுமா? மற்ற வட்டாரங்களில் நடந்தால் அது வெறும் செய்தி. இங்கே நடந்தால் நகைச்சுவை.

"தேக்காச் சந்தைக்குத் தூரமாயிற்றே?" ரயிலில் அரை மணி நேரத்தில் நியூட்டன் நிலையம். அங்கே மாறினால் அடுத்த நிலையமே தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா. கறிவேப்பிலை வாடுவதற்குள் வீடு வந்துவிடலாம்.

"வசதியிருந்தால் நீயும் போயிருப்பாய்." இதை நேரில் யாரும் சொல்லவில்லை, முகத்தில் படித்தேன். ஒருவேளை போயிருப்பேன். தெரியவில்லை. ஆனால் பெற்றோர் வீட்டுக்கு நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு அரசாங்கமே 20,000 வெள்ளி மானியம் தருகிறது. பெற்றோருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மதிப்புண்டு என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது. மண்டபத்துக்குத் தெரியவில்லை.

அப்பா கடைசிவரை 'நீ சூன்' என்றுதான் சொல்வார். லிம் நீ சூன் என்ற அன்னாசி, ரப்பர் வணிகரின் பெயர் அது; அதன் மாண்டரின் உச்சரிப்புதான் ஈசூன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை, நடந்து களைத்து வருவார், எண்ணெய்க் கறை போகாத விரல்களால் எங்களுக்குக் கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார். எங்களுக்கு என்றால் எனக்கும், தங்கைக்கும், மேல் மாடிப் பையனுக்கும். அந்தப் பையனின் அம்மாவுக்கு இரவு வேலை. பாதி நாள் அவனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அந்தப் பையன்தான் சனிக்கிழமை ஒலிவாங்கி பிடித்த அண்ணன்.

பங்குனி உத்திரத்துக்கு ஆண்டுதோறும் எங்கள் முருகன் கோயிலுக்கு வருவார். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் எனக்குத்தான் அழைப்பார். இந்த முறை எடுக்கக் கூடாது என்றிருக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அவன் வெயிலில் வருவான், மோருக்குத் தயிர் வாங்கி வை" என்கிறார்.