ஓரமாக நின்றவர்கள் மீது என்ன கோபம்?

நேற்றிலிருந்து எதைத் திறந்தாலும், சுற்றி ஆட்கள் நிற்க ஒருவன் இன்னொருவரைக் கத்தியால் தாக்கும் அந்த வீடியோதான். கூடவே ஒரே வசனம்: "இத்தனை பேர் நின்றும் ஒருத்தன் தடுக்கவில்லை, மனிதாபிமானம் செத்துவிட்டது." எழுதுபவர்கள் எல்லோரும் சோபாவில் சாய்ந்தபடி பார்த்த மாவீரர்கள். கத்தி வைத்திருந்தவனைக்கூட இவ்வளவு திட்டவில்லை. ஓரமாக நின்றவர்கள்தான் இன்றைய குற்றவாளிகள்.

முழு வீடியோவையும் பார்த்தீர்களா? ஒருவர் பையைச் சுழற்றிக்கொண்டு போகிறார், கத்தி தன் பக்கம் திரும்பியதும் பின்வாங்குகிறார். கடைசியில் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்ததும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். சுற்றுக்கு விட்ட துண்டில் இதெல்லாம் இல்லை.

இது பழைய கதை. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் சும்மா பார்த்திருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுத, அது உளவியல் பாடப்புத்தகம் வரை போனது. அது மிகைப்படுத்திய செய்தி என்று அதே பத்திரிகை ஒத்துக்கொண்டது 2016இல். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து கிட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். 38 எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்?

ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் பொது இடத் தகராறுகளின் 219 சிசிடிவி பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2019இல் வந்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே போயிருக்கிறார்.

"அது கைகலப்பு, இது கத்தி" என்பீர்கள். சரி, வேறுதான். அதனால்தான் கேட்கிறேன், கத்திக்கு முன்னால் வெறுங்கையோடு போகச் சொல்ல நீங்கள் யார்?

என் தம்பி போனான். ஓர் இரவு, பேருந்து நிறுத்தத்தில், ஒரு பெரியவரின் பையைப் பறித்தவனை மடக்கினான். கையில் ஆழமான வெட்டு. அதுகூடப் பரவாயில்லை. காவல் நிலையத்தில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கும் அவனுக்கும் என்ன முன்பகை?" அப்புறம் சாட்சி சொல்ல வா, இன்று நீதிபதி இல்லை, அடுத்த வாய்தாவுக்கு வா. நீதிமன்ற வராந்தாவில் எதிர் பெஞ்சில் வெட்டியவனின் ஆட்கள் இவனையே பார்த்தபடி இருப்பார்கள். லீவு போட்டுப் போட்டு வேலையிடத்தில் கெட்ட பெயர். இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்காது. தட்டிக்கேட்டவனை இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அடுத்த முறை ஒதுங்கி நின்றால் கோழையாம்!

"போலீஸ் எல்லா இடத்திலும் நிற்க முடியுமா?" முடியாது. விளக்கு நிற்கலாமே? நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் கூடுதல் விளக்குகள் வைத்து ஆய்வு செய்தபோது, இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. 1990இல் அந்த நகரத்தில் 2,245 கொலைகள், 2017இல் 300க்கும் கீழே. ஏன் குறைந்தது என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். வழிப்போக்கர்களுக்குத் திடீரென வீரம் வந்ததால் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

விளக்கு, ரோந்து, சாட்சிக்குப் பாதுகாப்பு. இதையெல்லாம் கேட்டால் யாரிடமோ போய் நிற்க வேண்டும். முகம் தெரியாத வழிப்போக்கனைத் திட்டுவது சுலபம், அவன் பதில் சொல்ல வரமாட்டான்.

அந்த "மனிதாபிமானம் செத்துவிட்டது" பதிவைப் பகிர்ந்தவர்களில் என் நண்பர் ஒருவரும் உண்டு. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்று தம்பியிடம் கேட்டவர் அவர்தான். டேக் செய்யவில்லை. படித்தால் புரிந்துகொள்வார்.